அச்சு முதலில், கத்தரி அப்புறம்: ஜாண்ட்ரா ரோட்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளஞ்சிவப்பு முடி, கண்ணைச் சுற்றி அழுத்தமான நீலப் பூச்சு, கழுத்து கொள்ளாத நகை. ஜாண்ட்ரா ரோட்ஸை ஒரு படத்தில் பார்த்தாலே போதும், மறக்காது. அதனாலேயே அவர் செய்த வேலை அந்த முடிக்குப் பின்னால் மறைந்துபோகிறது என்பது என் குறை. ஃபேஷன் படிக்கிறவர்கள், துணி அச்சுத் தொழிலில் இருப்பவர்கள், பழைய ராக் இசைக்குழுப் படங்களைத் தேடும்போது இவர் பெயரில் வந்து நின்றவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

யார் இந்த ஜாண்ட்ரா ரோட்ஸ்?

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாத்தம் என்ற ஊரில் 1940 செப்டம்பர் 19 அன்று பிறந்தவர். அம்மா பாரிஸின் பெயர்பெற்ற வொர்த் உடை நிறுவனத்தில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். வாடிக்கையாளர் உடம்பில் உடையைப் பொருத்திக் குறிவைத்துச் சரிசெய்வது அந்த வேலை. பிறகு மெட்வே கலைக் கல்லூரியில் ஆசிரியரானார். மகளும் அதே கல்லூரியில்தான் சேர்ந்தார். அம்மா வழியில் தையல் பக்கம் போயிருக்கலாம். ஆனால் அங்கே பாடம் நடத்திய பார்பரா பிரவுன் அவரைத் திசைதிருப்பிவிட்டார். லண்டனில் ஹீல்ஸ் என்ற வீட்டு அலங்காரக் கடைக்காகப் பெரிய பெரிய வடிவங்களில் துணி டிசைன் செய்தவர் பிரவுன்.

1961 முதல் 1964 வரை லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் ரோட்ஸ் படித்தது அச்சுத்துணி வடிவமைப்பு. உடை வடிவமைப்பு அவர் பாடமே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், பல கேள்விகளுக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

ஃபேஷன் டிசைனர் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? ஏன் அச்சை மட்டும் பிடித்துக்கொள்கிறீர்கள்?

வழக்கமாக உடை எப்படி உருவாகிறது என்று பாருங்கள். துணியை ஒருவர் டிசைன் செய்வார், உடையை இன்னொருவர் டிசைன் செய்வார். துணியில் ஒரே பூ மீட்டர் கணக்கில் திரும்பத் திரும்ப வரும். கட்டிங் மாஸ்டர் அதன் மேல் உடைப் பகுதிகளின் காகிதப் பேட்டர்ன்களை நெருக்கி அடுக்கி, இண்டு இடுக்கு விடாமல் வெட்டுவார். தோளில் முழுப் பூ வருமா, பாதிப் பூ வருமா என்பது துணியின் யோகம். நல்ல நிறுவனமாக இருந்தால் முன்பக்கம் பொத்தான் போடும் இடத்திலாவது டிசைன் சேரும்படி பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

ரோட்ஸ் இதைத் தலைகீழாக்கினார். முதலில் அச்சு. அந்த அச்சு எங்கே முடிகிறதோ அங்கேதான் துணியும் முடிய வேண்டும். வட்டமான டிசைன் என்றால் உடையின் வெட்டும் வட்டம். முக்கோணமாக இறங்குகிற டிசைன் என்றால் பாவாடையின் ஓரமும் முக்கோணம் முக்கோணமாகத் தொங்கும். உடம்புக்கு ஏற்ப டிசைனை நறுக்குவது அவரிடம் கிடையாது. சேலை கட்டுகிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: முந்தானை எது, கரை எது, உடல் எது என்பதெல்லாம் தறியிலேயே முடிவாகிவிடுகிறது; அதற்குத் தக்கபடிதான் நாம் கொசுவமும் மடிப்பும் வைக்கிறோம்.

தையல் கணக்குகளை முறையாகப் படிக்காதது அவருக்கு நல்லதாகப் போயிற்று என்றே நினைக்கிறேன். படித்திருந்தால் இப்படி வெட்டக் கூடாது என்று யாராவது சொல்லித் தந்திருப்பார்கள்.

ஒரு பிரிண்ட் அவரிடம் எப்படிப் பிறக்கிறது?

நோட்டுப் புத்தகத்தில். எங்கே போனாலும் வரைவது அவர் பழக்கம். கேமரா இருந்தாலும் வரைந்துதான் பார்ப்பார். கற்றாழை என்றால் கற்றாழையைப் பக்கம் பக்கமாக வரைவார். முதல் பக்கத்தில் அது கற்றாழையாக இருக்கும். பத்துப் பக்கம் தாண்டியதும் முள் ஒரு நெளிகோடாகிவிடும், தண்டு ஒரு முட்டை வடிவமாகிவிடும். அந்த நெளிகோடு அவர் கையெழுத்து மாதிரி, ஏறக்குறைய எல்லா பிரிண்ட்டிலும் எங்காவது ஒரு மூலையில் ஓடும்.

அடுத்து, வடிவத்தைப் பெரிய காகிதத்தில் அசல் அளவுக்கு வரைவது. அதை உடம்பில் வைத்துக் கண்ணாடியில் பார்ப்பது. கழுத்துக்கு நேரே எது வருகிறது, கையைத் தூக்கினால் எது தெரிகிறது என்று பார்த்துத் திருத்துவது. துணி வடிவமைப்பில் பெரும்பாலும் மேசை மேல் தட்டையாக வைத்தே முடிவெடுப்பார்கள். ஆள் மேல் வைத்துப் பார்ப்பதில்தான் இவர் மாறுபடுகிறார்.

பிறகு ஸ்கிரீன். தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான்: ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலையில் டிசைன் வரும் இடத்தை மட்டும் திறந்து வைத்து, மற்ற இடத்தை அடைத்து, மேலே சாயக் கூழை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுப்பது. நீளமான மேசையில் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு நிறம் காய்ந்ததும் அடுத்ததை அதே குறியில் வைத்து அடிக்க வேண்டும். ஒரு நூல் தள்ளிப்போனாலும் கோடு இரட்டையாகத் தெரியும். ரோட்ஸுக்கு மிகவும் பிடித்த துணி பட்டு ஷிஃபான். காற்றில் நழுவுகிற, தொட்டாலே நகர்கிற துணி. அதில் பல நிறம் அடித்து ஒழுங்காக எடுப்பது சாதாரண வேலை இல்லை. அடித்த பிறகு ஆவியில் வேகவைத்துச் சாயத்தை நிலைநிறுத்தி, அலசிக் காயவைத்து, அதன்பின்தான் கத்தரி.

பல ஆண்டுகள் இந்த அச்சு வேலை அவருடைய சொந்தப் பட்டறையிலேயே நடந்தது. வெளியே கொடுத்திருந்தால் இந்த விளையாட்டெல்லாம் முடிந்திருக்காது.

இப்படி வெட்டினால் துணி வீணாகாதா?

ஆகும். வட்டத்தை வெட்டினால் நாலு மூலை மிச்சம். கையால் அடித்த பட்டுத்துணியின் மூலை அது. அதனால்தான் அவருடைய உடைகள் தொடக்கத்திலிருந்தே விலை அதிகம், எண்ணிக்கை குறைவு. பெரிய தொழிற்சாலைக்கு ஒத்துவராத முறை இது. அந்தச் சிக்கல் அவரை விடவே இல்லை.

ஆரம்பத்தில் அவருடைய டிசைன்களை ஏன் யாரும் வாங்கவில்லை?

யாருமே வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. கல்லூரிக் கடைசி ஆண்டில் பதக்கங்களையும் ரிப்பன்களையும் வைத்து ஒரு டிசைன் செய்தார். டேவிட் ஹாக்னியின் ஓவியத்தில் பார்த்த பதக்கங்கள்தான் தூண்டுதல். அதை ஹீல்ஸ் வாங்கி வீட்டு அலங்காரத் துணியாக அச்சடித்தது. ஆனால் உடைத்துணி உற்பத்தியாளர்கள் தயங்கினார்கள். மின்விளக்குகள், லிப்ஸ்டிக், கரடி பொம்மை, இதையெல்லாம் யார் உடுத்துவார்கள் என்பது அவர்கள் கவலை.

சரி, யாரும் வாங்காவிட்டால் நாமே தைத்து விற்போம் என்று 1960களின் கடைசியில் சில்வியா ஐட்டன் என்ற வடிவமைப்பாளருடன் சேர்ந்து ஃபுல்ஹாம் சாலையில் கடை போட்டார். ஐட்டன் தைப்பார், ரோட்ஸ் அச்சடிப்பார். கடை நீண்ட நாள் ஓடவில்லை. 1969இல் தனியாக முதல் தொகுப்பை உருவாக்கி அதை எடுத்துக்கொண்டு நியூயார்க் போனார். அங்கே வோக் என்ற ஃபேஷன் இதழின் ஆசிரியர் டயானா வ்ரீலண்டுக்கு உடைகள் பிடித்துப்போயின. நடிகை நடாலி வுட் அவற்றை அணிந்த படங்கள் வோக்கில் வந்தன. நியூயார்க்கில் ஹென்றி பெண்டல், லண்டனில் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் ஆகிய கடைகள் விற்க முன்வந்தன. உள்ளூரில் தயங்கிய சரக்குக்கு அமெரிக்காவில்தான் முதலில் மவுசு.

1972இல் பிரிட்டனின் அந்த ஆண்டின் சிறந்த டிசைனராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதலில் எந்தப் பிரிண்ட்களைப் பார்க்க வேண்டும்?

பின்னல் வட்டம், அதாவது ‘நிட்டட் சர்க்கிள்’. அந்த 1969 தொகுப்பைச் சேர்ந்தது. கம்பளி பின்னும்போது வரும் சங்கிலிக் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பேனாக் கோட்டில் வரைந்திருப்பார். அந்தக் கண்ணிகள் வரிசையாகச் சுற்றிச் சுற்றி ஒரு பெரிய வட்டமாகும், நடுநடுவே அதே தையல் கோட்டில் பூக்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ மாதக்கணக்கில் உட்கார்ந்து எம்பிராய்டரி போட்ட மாதிரி இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் நூலே இல்லை, எல்லாம் சாயம். இந்த பிரிண்ட்டில் மஞ்சள் கம்பளி ஃபெல்ட் துணியில் செய்த நீளமான கோட் ஒன்று உண்டு. பாவாடைப் பகுதி விரிந்து விழுவது டிசைனின் வட்டத்தோடு சேர்ந்து போகும். ஃபெல்ட் பிரியாத துணி, ஓரம் அடிக்க வேண்டியதில்லை. அதனால் அச்சு எப்படி வளைகிறதோ அப்படியே வெட்டிவிடலாம். ரோட்ஸின் மொத்த யோசனையும் அந்த ஒரு கோட்டில் இருக்கிறது என்பேன்.

அடுத்தது ‘செவ்ரான் ஷால்’. விக்டோரியா காலத்துச் சால்வையின் குஞ்சங்களை அப்படியே வரைந்து முக்கோணங்களாக அடுக்கியது. குஞ்சம் நிஜமில்லை, அதுவும் அச்சுதான். ஆனால் துணியைக் குஞ்சத்தின் நுனிவரை கூராக வெட்டியிருப்பார், நடக்கும்போது நிஜக் குஞ்சமாக ஆடும்.

1971இல் செய்த ‘டைனோசர் கோட்’ வேறு ரகம். எல்லோரும் உள்ளே மறைக்கிற தையலை வெளியே திருப்பி, அதன் ஓரத்தைப் பல்பல்லாக வெட்டி, முதுகெலும்பு துருத்துகிற மாதிரி நிறுத்திவிட்டார். உள்ளே இருப்பதை வெளியே காட்டும் ஃபேஷன் என்று பிற்பாடு எத்தனையோ பேர் பேசினார்கள். இது அதற்கெல்லாம் முந்தியது.

அப்புறம் ஜப்பான் பயணத்துக்குப் பின் வந்த லில்லி மலர்கள், ஆஸ்திரேலியப் பாறைகள், கற்றாழை, சீனச் சதுரங்கள் என்று பட்டியல் நீளும். பயணம் போன இடமெல்லாம் ஒரு பிரிண்ட்.

மற்றவர்கள் பண்பாட்டிலிருந்து எடுத்துப் பயன்படுத்தியது சரியா?

நியாயமான கேள்வி. அமெரிக்கத் தொல்குடிகளின் இறகு வேலைப்பாடுகளை நியூயார்க் அருங்காட்சியகத்தில் வரைந்து 1970இல் ஒரு பிரிண்ட் தொகுப்பே செய்தார். அச்சடித்த இறகின் விளிம்போடு வெட்டிய ஷிஃபான் உடைகள், பார்க்க அற்புதமானவை. ஆனால் இறகு அந்த மக்களுக்கு அலங்காரம் மட்டும் அல்ல, மரியாதையின் அடையாளம். இன்று ஒரு டிசைனர் அப்படிச் செய்தால் உடனே கேள்வி வரும், வரவும் வேண்டும். அவர் எதையும் அப்படியே நகல் எடுக்கவில்லை, வரைந்து வரைந்து தன் கோடாக மாற்றினார், எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை. இதை அவருக்குச் சாதகமாகச் சொல்லலாம். அதற்குமேல் வக்காலத்து வாங்க நான் தயாரில்லை.

ஃப்ரெடி மெர்குரியின் அந்த வெள்ளை உடை இவர் செய்ததா?

ஆமாம். 1974. மெர்குரி பாடிய குயின் ராக் இசைக்குழு அப்போது மேலே ஏறிக்கொண்டிருந்த நேரம். மெர்குரியும் கிடார் கலைஞர் பிரையன் மேயும் லண்டன் பேஸ்வாட்டரில் இருந்த ரோட்ஸின் பட்டறைக்கு வந்தார்கள். மாடிப்படி ஏறிப் போக வேண்டிய சின்ன இடம். மாட்டியிருக்கும் உடைகளில் பிடித்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு அறைக்குள் கையை வீசி ஆடிப் பாருங்கள் என்று ரோட்ஸ் சொன்னார். மெர்குரி எடுத்தது மணப்பெண்ணுக்காகத் தொடங்கிய ஒரு மேலாடை. கிரீம் கலந்த வெள்ளை, இரு கையும் முழுக்க நுண்மடிப்பு. கையைத் தாழ்த்தினால் அடங்கிக் கிடக்கும், விரித்தால் இறக்கை.

வேடிக்கை என்னவென்றால், உலகம் முழுக்க அதிகம் பேர் பார்த்த ரோட்ஸ் உடை இதுதான், இதில் பிரிண்ட்டே கிடையாது! ஆனால் வேலை செய்த விதம் அதேதான். துணி ஆட்டத்தில் என்ன செய்யும் என்று முதலில் பார்க்கிறார், உடம்பின் அளவு அப்புறம்.

கிழிசலும் ஊக்கும் போட்ட தொகுப்பு எது?

1977இன் ‘கன்செப்சுவல் சிக்’. லண்டன் தெருக்களில் பங்க் என்ற கலகக்கார இசையின் பின்னால் போன இளைஞர்கள் சட்டையைக் கிழித்து ஊக்கு குத்தித் திரிந்த காலம். ரோட்ஸ் கருப்பு, இளஞ்சிவப்பு ஜெர்சித் துணியில் ஓட்டைகள் போட்டு, அந்த ஓட்டையின் விளிம்பைப் பிரியாமல் தைத்து, கல்லும் மணியும் பதித்த ஊக்குகளையும் குண்டுச் சங்கிலிகளையும் மாட்டினார். பங்க் பாணியில் மணப்பெண் உடைகூட உண்டு. பத்திரிகைகள் பங்க்கின் இளவரசி என்று பட்டம் கொடுத்தன.

காசில்லாத பிள்ளைகளின் கோபத்தைக் காசுள்ளவர்களின் விருந்து உடையாக்கிவிட்டார் என்று திட்டினால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு ஓட்டையை அச்சு டிசைன் மாதிரி யோசித்து, அது எங்கே வர வேண்டும், விளிம்பு எப்படி இருக்க வேண்டும் என்று இடம் பார்த்து வைத்தது வேறு யாருக்கும் தோன்றவில்லை. நடிகை எலிசபெத் ஹர்லி 1994இல் அணிந்து உலகப் புகழ்பெற்ற வெர்சாச்சி ஊக்கு உடைக்கு இது 17 ஆண்டு மூத்தது.

அரச குடும்பத்தினரும் அணிந்தார்களா?

அணிந்தார்கள். இளவரசி ஆன் 1973இல் நிச்சயதார்த்தப் படத்துக்கு ரோட்ஸின் உடையில் நின்றார். படம் எடுத்தவர் நார்மன் பார்கின்சன். இளவரசி டயானா 1986 ஜப்பான் பயணத்தில் அணிந்த, முத்துகள் தொங்கும் இளஞ்சிவப்பு ஷிஃபான் உடையும் இவருடையதே. ரோட்ஸுக்கு 2014இல் ‘டேம்’ பட்டம் கிடைத்தது, ஆண்களுக்குத் தரும் ‘சர்’ பட்டத்துக்கு இணையானது.

மற்ற கலைஞர்களோடு சேர்ந்து என்னென்ன செய்தார்?

நிறைய. எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன்.

மிக நெருக்கமான கூட்டு சிற்பி ஆண்ட்ரூ லோகனோடு. உடைந்த கண்ணாடித் துண்டுகளில் சிலையும் நகையும் செய்பவர் லோகன். ரோட்ஸின் கழுத்தில் பார்க்கும் பெரிய பெரிய கண்ணாடி நகைகள் பல அவர் கை வேலை. அவர் செய்த ரோட்ஸின் மார்பளவுச் சிலை லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை ஒப்பந்தம் போட்டுச் செய்த கூட்டு என்று சொல்ல முடியாது. பல பத்தாண்டு நட்பு, சேர்ந்து போன பயணங்கள், ஒருவர் நிறம் இன்னொருவருக்கு ஒட்டிக்கொண்டது.

இத்தாலிய உடை நிறுவனமான வாலண்டினோவோடு செய்தது அடுத்தது. பியர்பாவ்லோ பிச்சியோலி அந்த நிறுவனத்தின் பொறுப்பைத் தனியாக ஏற்ற பிறகு போட்ட முதல் தொகுப்புக்கு ரோட்ஸை அழைத்தார். 2016 இலையுதிர் காலத்தில் பாரிஸில் காட்டியது. ஹிரானிமஸ் போஷ் என்ற பழைய நெதர்லாந்து ஓவியரின் விசித்திரப் பழங்களையும் பறவைகளையும் மனித உருவங்களையும் ரோட்ஸ் தன் நெளிகோட்டில் திருப்பி வரைந்தார். அதை வாலண்டினோ நீள உடைகளில் அச்சாகவும் எம்பிராய்டரியாகவும் கொண்டுவந்தது. அவர் கோட்டுக்கு நல்ல தையல்காரர்கள் கிடைத்தால் என்னவாகும் என்பதை அதில் பார்க்கலாம். ரோட்ஸ் பழையபடி பிரபலமானதும் அதனால்தான்.

வீட்டுச் சாமான் விற்கும் ஐக்கியாவுக்கு டிசைன் செய்தாரே, அது எப்படி?

2021இல் ‘கரிஸ்மாடிஸ்க்’ என்ற பெயரில் வந்தது. மெத்தை உறை, விரிப்பு, பூச்சாடி, பிறகு ஐக்கியாவின் எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெரிய பிளாஸ்டிக் பைக்கு ஒரு ஃபிரில் வைத்த வடிவம். பையைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, நல்ல விதத்தில். மற்றபடி எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. காரணம் எளிது. தலையணை எப்போதும் சதுரம், விரிப்பு எப்போதும் செவ்வகம். அச்சு எங்கே முடிய வேண்டும் என்பதைப் பொருளே தீர்மானித்துவிடுகிறது. ரோட்ஸின் பலம் அந்த முடிவைத் தானே எடுப்பதில்தான் இருந்தது. நிறம் அவருடையது, நெளிகோடு அவருடையது, ஆனால் வெட்டு இல்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து அவர் உடை வாங்க முடியாதவர்கள் வீட்டுக்கு அவர் கோடு போய்ச் சேர்ந்தது என்ற வகையில் சந்தோஷம்.

ஓபராவுக்கும், அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகத்துக்கும், வேலை செய்தாராமே? அதில் இலங்கை வருகிறது என்கிறார்கள்?

வருகிறது. 2001இல் அமெரிக்காவின் சான் டியாகோ ஓபரா நிறுவனம் மொசார்ட்டின் ‘மேஜிக் ஃப்ளூட்’ நாடகத்துக்கு உடை வடிவமைக்க அழைத்தது. அது நன்றாக அமையவே, 2004இல் அதே நிறுவனத்துக்காக ‘முத்துக் குளிப்போர்’ ஓபராவின் உடைகளோடு மேடை அமைப்பையும் சேர்த்துச் செய்தார். ஜார்ஜ் பிசே 24 வயதில் இசையமைத்து 1863இல் பாரிஸில் அரங்கேறிய நாடகம் அது. கதை நடக்கும் இடம் இலங்கை. முத்து எடுப்பவர்களின் தலைவன் ஒருவன், அவன் நண்பன், கடலைச் சாந்தப்படுத்தப் பாடும் முக்காடிட்ட பூசாரிப் பெண் என்று மூன்று பேரைச் சுற்றி ஓடும்.

மன்னார் வளைகுடாவில் இரு கரையிலும் முத்துக் குளித்த தமிழ் பேசும் மக்களின் வாழ்க்கையை இதில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பிசேயும் அவர் கதாசிரியர்களும் கண்ணால் காணாத இலங்கை. கதைக்களத்தை முதலில் மெக்சிகோவில் வைக்கத்தான் நினைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ரோட்ஸும் உண்மையான இலங்கையைக் காட்டுகிறேன் என்று கிளம்பவில்லை. நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் கிறுக்கிய தென்னையை அப்படியே பெரிதாக்கி மேடையில் நிறுத்தி, இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் நீலப்பச்சையும் அள்ளித் தெளித்தார். மேடை முழுக்க ஒரு பிரிண்ட், பாடகர்கள் அதற்குள் நடமாடுகிறார்கள். எப்படியும் கற்பனை ஊர்தான் என்று ஆன பிறகு, அதைக் கற்பனை என்று தெரிகிற மாதிரி வரைவதே நேர்மை என்பது என் கட்சி.

2007இல் ஹூஸ்டனிலும் லண்டனிலும் வெர்டியின் ‘ஐடா’ ஓபராவுக்கும் இவரே மேடையும் உடையும். எகிப்தில் வரைந்து வைத்திருந்த பழைய நோட்டுகள் அதற்குப் பயன்பட்டன.

இந்தியாவோடு அவருக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. 1980களில் இந்தியா வந்து வரைந்து குவித்தார். அந்த ஆண்டுகளிலேயே சேலைகள் வடிவமைத்து மும்பையிலும் டெல்லியிலும் காட்டினார். வெட்டே இல்லாத துணி, அச்சின் இடம்தான் எல்லாம். அவருக்குப் பிடிக்காமல் போனால்தான் ஆச்சரியம். பிறகும் பலமுறை வந்துபோனார்.

வியாபாரத்தில் வெற்றி பெற்றாரா?

1975இல் லண்டனின் பாண்ட் தெருவை ஒட்டிச் சொந்தக் கடை திறந்தார். அந்த ஆண்டுகள் நன்றாகவே போயின. 1990களில் காற்று மாறியது. சாம்பல், கருப்பு, பழுப்பு, ஒரு கோடுகூட இல்லாத துணி என்று ஃபேஷன் அடங்கிப்போனபோது இவருடைய பட்டறைக்கு வேலை குறைந்தது. அவர் நிறத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. தன் முடியின் நிறத்தைக்கூட.

லண்டனில் அவர் தொடங்கிய மியூசியம் பற்றி?

கடை சுருங்கிய அதே காலத்தில்தான் இந்த வேலையில் இறங்கினார், துணிச்சல்காரர். 1995இல் லண்டன் பெர்மண்ட்சி தெருவில் ஒரு பழைய கிடங்கை வாங்கினார். மெக்சிகோவின் பெரிய கட்டடக் கலைஞர் ரிக்கார்டோ லெகோரெட்டா அதை ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக மாற்றி அமைத்தார். சுற்றிலும் செங்கல் கட்டடங்கள், நடுவில் இது. ஃபேஷன் அண்ட் டெக்ஸ்டைல் மியூசியம் 2003இல் திறந்தது. தன் உடைகளை மட்டும் மாட்டி வைக்கிற இடமாக அவர் அதை நினைக்கவில்லை; மற்ற டிசைனர்களின் கண்காட்சிகளும் அங்கே நடக்கின்றன. 2006 முதல் நியூஹாம் கல்லூரி நடத்துகிறது. ரோட்ஸின் வீடு அதே கட்டடத்தின் மேல்தளம்.

இப்போது என்ன செய்கிறார்?

2020இல் புற்றுநோய் கண்டறிந்து, ஆறு மாதம்தான் என்று மருத்துவர்கள் சொன்னதாக அவரே பின்னர் வெளிப்படையாகப் பேசினார். அந்தக் கெடுவைத் தாண்டி வந்தார். முதல் வேலையாகத் தன் சேமிப்பை ஒழுங்குசெய்ய இறங்கினார். செய்த உடைகளில் மாதிரிக்கு ஒன்றாக எடுத்துப் பெட்டிகளில் பூட்டி வைக்கும் பழக்கம் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்ட உடைகள், ஸ்கிரீன்கள், நோட்டுகள் எல்லாவற்றையும் அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுக்க ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2024இல் தன் வாழ்க்கைக் கதையையும் எழுதினார்.

அவருடைய உடைகளை நேரில் பார்க்க முடியுமா? இணையத்தில்?

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. எல்லா நாளும் வெளியே வைத்திருக்க மாட்டார்கள், ஷிஃபான் வெளிச்சத்தில் கெட்டுவிடும். இரண்டின் இணையத் தொகுப்புகளிலும் பெயரைத் தட்டினால் நல்ல படங்கள் வரும். இங்கிலாந்தின் யுனிவர்சிட்டி ஃபார் தி கிரியேட்டிவ் ஆர்ட்ஸ் இவருடைய உடைகளில் நூற்றுக்கணக்கானவற்றைப் படமெடுத்து இணையத்தில் படிப்புக்காக வைத்திருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கி முதலில் உடையின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். நேராக மடித்து அடித்த ஓரம் என்றால் அடுத்ததுக்குப் போய்விடலாம். ஓரம் வளைந்தோ கூராகவோ போனால், துணியில் உள்ள எந்தக் கோட்டைப் பின்தொடர்கிறது என்று மேல்நோக்கித் தேடிக்கொண்டே போங்கள். பல பிரிண்ட்களில் அவர் பெயரும் டிசைனுக்குள்ளேயே கையெழுத்தாக ஓடும், கண்டுபிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.